டிரான்னா சும்மாவா பாஸ்?

காலேஜ் செஸ் போட்டியில் பார்த்திருப்பீங்க. ஜெயிச்சவனைத் தோளில் தூக்குவாங்க. தோத்தவனுக்கு ஆறுதலா ஒரு டீயாவது கிடைக்கும். டிரா பண்ணினவனை? யாரும் கண்டுக்கவே மாட்டாங்க! ஆனா, டிரா பண்ணிப் பண்ணியே ஒருத்தர் உலக சாம்பியனை ஓரங்கட்டின கதை தெரியுமா?

2000 அக்டோபர், லண்டன். ஒரு பக்கம் 1985-லிருந்து சாம்பியன் பட்டத்தை விடாத காஸ்பரோவ். எதிரே, 25 வயசு கிராம்னிக். 1995-ல் நம்ம ஆனந்தும் காஸ்பரோவும் நியூயார்க்கில் மோதினப்போ, காஸ்பரோவின் உதவியாளர் குழுவில் இருந்தவர்தான் இவர். ராணியை வெச்சு தாக்குற ஆட்டம்னா காஸ்பரோவுக்கு அல்வா சாப்பிடுற மாதிரினு இவருக்கு நல்லாவே தெரியும்.

முதல் கேம். வெள்ளைக் காய்களோட காஸ்பரோவ் ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் இறங்க, கிராம்னிக் எடுத்தது 'பெர்லின் டிஃபென்ஸ்'. ரொம்பப் பழைய சரக்கு! எட்டாவது மூவ்லயே ரெண்டு ராணியும் அவுட். கறுப்பு ராஜாவுக்கு இனி காஸ்லிங் கிடையாது. சிப்பாய்களும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமா மாட்டிக்கிச்சு. பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா, தாக்குறதுக்கு ராணி வேணுமே! கிராம்னிக் கையில் ரெண்டு பிஷப்பும் பத்திரம். 25 மூவ்ல கேம் டிரா.

அந்தத் தொடர்ல மொத்தம் நாலு தடவை பெர்லின். நாலுமே டிரா! 13-வது கேம் வெறும் 14 மூவ்ல முடிஞ்சது. அந்த டிஃபென்ஸுக்கு 'பெர்லின் சுவர்'னே பேர் வந்திருச்சு.

வெறும் டிராவால பட்டம் வராது பாஸ். தனக்கு வெள்ளைக் காய் வந்தப்போ, 2-வது கேமையும் 10-வது கேமையும் ஜெயிச்சார் கிராம்னிக். மத்த 13 கேமும் டிரா. ஸ்கோர் 8.5 - 6.5. காஸ்பரோவால் ஒரு கேம்கூட ஜெயிக்க முடியலை!

நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல, இங்கிலீஷ்ல பொளந்துகட்டுற ஒருத்தன் எதிர்ல உட்காருவான். அவன் வேகத்துக்குப் பேசப் போனா, அது அவனோட ஆட்டம். நிதானமா ஒரு கேள்வி, உறுதியா ரெண்டு தகவல்னு பேச்சை உங்க பக்கம் திருப்புங்க. அவன் அடங்கிட்டா அதுவே அரை பாயின்ட். மீதி அரை பாயின்ட்டுக்கு, உங்களுக்குனு ஒரு டாபிக் வரும் பாருங்க... அதுல விட்டுடாதீங்க!