வேலியிடுவது யார் கடமை?

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே எங்கும் தண்ணீர்க் குழிகளும் உண்டு. சாயப்பட்டறைகளில் தொட்டிகள், தோட்டங்களில் கிணறுகள், வற்றிப்போன ஆழ்துளைக் கிணறுகள். வேலை தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள் பலர் இவற்றின் அருகிலேயே வளர்கின்றனர்.

குழந்தை ஒன்று விழுந்துவிட்டால், "பெற்றோர் பார்த்துக்கொள்ளவில்லை", "அனுமதியின்றி ஏன் உள்ளே வந்தது?" என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவை இரண்டுமே தவறான கேள்விகள் என்பது என் கருத்து.

ஏன் என்று பார்ப்போம். சிறு குழந்தைக்கு உடலை ஒப்பிடத் தலை கனமானது. எட்டிப் பார்த்தால் தலைகுப்புறச் சாயும். வாய் நீருக்குள் அமிழ்வதால் அலறவும் முடியாது. சில நிமிடங்களில் மூளை ஆக்சிஜன் இன்றிப் பாதிக்கப்படும். எந்தத் தாயால் நாள் முழுதும் கண்ணிமைக்காமல் இருக்க முடியும்?

கவலை இறைத்த காலத்தில் கொங்கு நாட்டுக் கிணற்றடியில் ஆளும் மாடும் இருந்தன. மோட்டார் வந்தபின் அங்கே ஆளில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆளின் இடத்தைச் சுவர்தான் நிரப்ப வேண்டும்.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பூட்டாமல் விடப்பட்ட ரயில் திருப்புமேடையில் விளையாடிய ஒரு சிறுவன் காயமுற்ற வழக்கில், அவன் அத்துமீறி நுழைந்தவன் என்று அமெரிக்க ரயில் கம்பெனி வாதாடியது. 1873இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நீச்சல் குளத்து வேலி 1.2 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்காத நேரத்திலும் காவல் நிற்பதே நல்ல வேலி!

நம் உச்ச நீதிமன்றம் 2009இல் வந்த ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, 2010இல் ஆழ்துளைக் கிணறுகளுக்கு விதிகள் வகுத்தது. தோண்டும்போது வேலி வேண்டும். குழாயைச் சுற்றி, தரைக்கு மேல் 30, கீழ் 30 சென்டிமீட்டர் அளவில் சிமெண்ட் மேடை வேண்டும். குழாயின் வாய்க்கு உறுதியான மூடி வேண்டும். கைவிட்ட துளையை அடி முதல் தரைமட்டம் வரை மண்ணாலும் கல்லாலும் நிரப்ப வேண்டும். ஆயினும், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துளையை மூடச் சில வண்டி மண் போதுமே!

விதி இருக்கிறது, அளவு இருக்கிறது, செலவும் பெரிதல்ல. குறைவது, "இது என் கடமை" என்று இடத்துக்குரியவர் எண்ணும் எண்ணமே. அபாயத்தை உண்டாக்கியவரே வேலியும் இட வேண்டும். இதுவே நியாயம்.

மாணவர்களே! பள்ளிக்கு வரும் வழியில் மூடாத துளையோ, சுவரில்லாத கிணறோ கண்டால் அருகே போகாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி, இடத்தைக் குறிப்பிட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். உச்ச நீதிமன்றத்தை அசைத்ததும் ஒரு கடிதமே.