நொந்த காலோடு ஓடாதே எண்டு சொல்லுறது லேசு

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. விடிய மூன்றரை மணிக்கு சென்னை நேப்பியர் பாலத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். ஒருத்தியின் நெஞ்சில் ஓட்ட இலக்கம் குத்தியிருந்தது. மற்றவளின் இலக்கம் தங்கியிருந்த அறையில், சூட்கேசுக்குள், உறை பிரிக்காமல் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் மரதனுக்குப் பதிவு செய்தோம். மூன்று மாதம் ஒரே வீதியில்தான் ஓடினோம். கடைசியில் ஒருத்தி ஓடினாள், ஒருத்தி ஓடவில்லை.

இந்தக் கட்டுரை ஓடாதவளைப் பற்றியது. எழுதுறது இரண்டு பேரும் சேர்ந்து. யார் எவள் எண்டு சொல்லப் போறதில்லை. சொன்னால் நீங்கள் ஒருத்திக்குக் கைதட்டுவீர்கள், மற்றவளுக்கு ஆறுதல் சொல்லுவீர்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

முதலில், ஏன் சென்னை எண்டதைச் சொல்லிவிடுகிறோம். பலாலியில் இருந்து பிளேனில் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேருற நேரத்துக்குள் சென்னைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடலாம். ஓடுற பாதை கடற்கரையோரம், பெரும்பாலும் சமதரை. மலையே பார்க்காமல் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கால்களுக்கு அது தோது. ஜனவரி எண்டாலும் வெயில் ஏறினால் அந்தக் கடற்காற்றின் புழுக்கம் ஆளை உருக்கிவிடும் எண்டபடியால் விடிய நாலு மணிக்கே முழு மரதனைத் தொடங்கி வைக்கிறார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த காலநிலைதான்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்காரிகள் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் இல்லம் சோடிக்க மட்டும் போன ஆக்கள். கம்பஸ் இரண்டாம் வருடத்தில் பண்ணைப் பாலத்தில் காலமை நடக்கத் தொடங்கி, நடை பிறகு ஓட்டமாகியது. “என்ன தங்கச்சி, பஸ்ஸை விட்டிட்டியளோ?” எண்டு மோட்டார்சைக்கிளில் போறவர்கள் கேட்பார்கள். நாய்கள் கேள்வி கேட்காமல் நேரே துரத்தும். இரண்டுக்கும் பழகிக்கொண்டோம்.

செப்டெம்பர் நடுவில் 16 கிழமைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினோம். கிழமையில் நாலு நாள் ஓட்டம், ஞாயிறுகளில் நீண்ட ஓட்டம். தூரம் மெல்ல மெல்லக் கூடும், ஒவ்வொரு நாலாவது கிழமையும் குறையும். போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் 30 கிலோமீற்றர் ஓடி முடித்து, பிறகு படிப்படியாகக் குறைத்து காலை ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுறதை நாங்கள் அப்போது சோம்பேறித்தனம் எண்டுதான் நினைத்தோம். மூச்சும் தசையும் சில கிழமைகளிலேயே பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. சுமை கூடும்போது அது பழைய பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதைக் கட்டும். அந்த இடைவெளியில் எலும்பு முன்னிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னும் சுமை ஏற்றினால் என்ன நடக்கும் எண்டதைப் பிறகு அனுபவத்தில் படித்தோம்.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு மழை வந்தது. வீதி எது வாய்க்கால் எது எண்டு தெரியாத அளவுக்கு வெள்ளம். ஒரு கிழமைக்கு மேல் ஓட்டம் இல்லை. அந்தக் கிழமையை விட்டிருக்கலாம். ஓடாத ஒரு கிழமையால் மரதன் கெட்டுப் போகாது. ஆனால் நாங்கள் நோட்ஸ் விடுபட்டால் இரவிரவாக இருந்து பிரதி பண்ணுற ஆக்கள். விட்ட கிலோமீற்றர்களையும் அப்படியே பிரதி பண்ண வெளிக்கிட்டோம். 26 கிலோமீற்றர் ஓட்டத்தையும் 30 கிலோமீற்றர் ஓட்டத்தையும் எட்டு நாளுக்குள் போட்டோம். அதுவும் நடுவில் உயர்ந்து கரையில் சரிந்த தார் ரோட்டில், எப்போதும் ஒரே பக்கமாக. டிசெம்பர் மூன்றாம் கிழமை ஒருத்திக்குக் கணைக்காலில் நோ தொடங்கியது.

முதலில் நோ எண்ணெய், பிறகு சித்தாலேப, பிறகு யூடியூப். யூடியூப்பில் ஒன்று மட்டும் உருப்படியாகக் கிடைத்தது. எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவி நொந்தால், அது பெரும்பாலும் ஓடுகிறவர்களுக்கு வழமையாக வாற கணைக்கால் அழற்சி. விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நொந்தால், படுத்திருக்கும்போதும் நொந்தால், ஒற்றைக் காலில் துள்ள முடியாவிட்டால், எலும்பில் நுண்வெடிப்பு இருக்கலாம் எண்டு சந்தேகிக்க வேண்டும். எங்களுடையது புள்ளி.

போய்க் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை எண்டார்கள். இப்படியான வெடிப்பு முதல் சில கிழமைகளில் எக்ஸ்ரேயில் அனேகமாகத் தெரியாது எண்டதை யாரும் சொல்லவில்லை. “பொம்பிளைப் பிள்ளையள் என்னத்துக்கு இவ்வளவு ஓடுறியள்?” எண்டு மட்டும் கேட்டார்கள். பிறகு தெரிந்த அக்கா ஒருவர் மூலம் ஒரு பிசியோவைக் கண்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு. “பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறியள்?” விடிய வெறும் தேத்தண்ணியோடு ஓடிவிட்டு, லெக்சருக்கு ஓடி, மத்தியானம் ஒரு ரோல்ஸோடு சமாளிக்கிற எங்கட சாப்பாட்டையும், மூன்று மாதமாகத் தள்ளிப் போயிருந்த மாதவிடாயையும் முதல் தடவையாக ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஓடுற அளவுக்குச் சாப்பாடு காணாவிட்டால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். இதைப் பெண்களுக்குச் சொல்லித்தராத ஒரு ட்ரெயினிங் திட்டம் பாதித் திட்டம்தான். அவர் சொன்ன முடிவு: ஆறு கிழமை ஓடக்கூடாது. போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதற்குப் பிறகு நடந்ததுதான்.

“உடம்பு சொல்லுறதைக் கேள்” எண்டு எல்லா ஓட்டப் புத்தகமும் சொல்லும். சரியான புத்திதான். ஆனால் அது அடுத்த வருடமும் போட்டிக்குப் போகக்கூடிய ஆளுக்கு எழுதின புத்தி. பெர்லினை விட்டால் டோக்கியோ எண்டு நினைக்கிறவருக்கு உடம்பு சொல்லுறது நன்றாகக் கேட்கும். எங்கட கதை வேறு. டிக்கெட் காசு பாதி ட்யூசன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது, மீதி கனடாவில் இருந்து மாமா அனுப்பினது. சப்பாத்தும் அவர்தான் அனுப்பினார். அம்மம்மா சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசைத் தந்து, மயிலாப்பூர் கபாலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை எண்டார். சித்திக்கு ஒரு பட்டுச்சீலை. அண்ணாவுக்குப் புத்தகப் பட்டியல். கம்பஸில் வழியனுப்பி ஃபேஸ்புக்கில் படமும் போட்டாயிற்று. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் கடவுச்சீட்டு, முதல் விசா, முதல் பிளேன்.

வெளிநாடு எண்டது வாழ்க்கையில் ஒரு தடவைதான் எண்டு நினைக்கிற இடத்தில், அந்த ஒரு தடவைக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டம், கோயில், கடை, கடற்கரை, புத்தகம், சினிமா எல்லாம் நாலைந்து நாளுக்குள். எதையும் விட மனம் வராது. எங்கட ஆக்கள் நொந்த காலோடு ஓடுறது பெரும்பாலும் வீரத்தால் இல்லை. இன்னொரு தடவை கிடைக்காது எண்ட பயத்தால்தான். இது விளங்காமல் “ஏன் பிள்ளை நோவோட ஓடினனீ?” எண்டு பிறகு கேட்கிறதில் அர்த்தமில்லை.

நாங்களும் அப்படித்தான் போனோம். “போய்ப் பார்ப்பம், நோ குறைஞ்சாலும் குறையும்” எண்டு வியாழக்கிழமை பிளேன் ஏறினோம். நந்தனம் வை.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கலைப்பீடத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அதன் வாசலில் விட்டு, ஞாயிறு மரதன் இருக்கு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அறையில் இரு எண்டால் நடக்கிற காரியமா? முடிவே இல்லாமல் நீளுற வரிசைகள். யாழ்ப்பாணத்தில் இரவல் வாங்கிப் படித்த புத்தகங்கள் எல்லாம் அட்டை கலையாமல் அடுக்கி இருந்தன. மூன்றாவது மணித்தியாலத்தில், ஒரு பதிப்பகத்தின் கடைக்கு முன்னால், எங்களில் ஒருத்தியால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. 42 கிலோமீற்றர் ஓட வந்தவள் புத்தகக் கடை வரிசையில் நின்றுவிட்டாள்.

மருந்துக்கடைக்குப் போனோம். “நோவுக்கு ஒரு குளிசை” எண்டோம். கடைக்காரருக்கு விளங்கவில்லை. “வலி மாத்திரையா?” எண்டு சிரித்துக்கொண்டு தந்தார். ஞாயிறு காலமை இரண்டைப் போட்டுக்கொண்டு ஓடலாம் எண்ட யோசனை அப்போதும் இருந்தது. நீண்ட ஓட்டத்தில் உடம்பு நீர் இழந்திருக்கும்போது இபுபுரோஃபன் மாதிரியான குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதைவிட, நோ எண்டது எலும்பு அடிக்கிற மணி. மணியின் வாயைக் கட்டிவிட்டு ஓடினால் நுண்வெடிப்பு முழு முறிவாகலாம்.

அன்றிரவு அறையில் சண்டை நடந்தது. “இவ்வளவு தூரம் வந்திட்டு ஓடாமப் போறதோ? நடந்தாவது முடிக்கலாம்தானே” எண்ட வசனம் வந்தது. அதைச் சொன்னது கால் நொந்தவள் இல்லை. நல்ல காலோடு இருந்தவள். இதை ஒத்துக்கொள்ள எங்களுக்குக் கன நாள் எடுத்தது. அவளுக்குத் தனியா ஓடப் பயம். தன் பயத்தை மற்றவளுக்குச் சொல்லுற ஊக்க வார்த்தையாக மாற்றிவிட்டாள். “உன்னால முடியும்” எண்டு நாங்கள் ஆளாளுக்குச் சொல்லுறதில் எத்தனை தடவை இப்படி எங்கட தேவை ஒளிந்திருக்கிறது எண்டு யோசித்துப் பாருங்கள்.

பொறுத்துக்கொள்ளுறதைக் குணமாகப் படிப்பித்து வளர்த்த இடம் எங்களுடையது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி கூட. வயிற்றுக் குத்தோடு பரீட்சை எழுதினவளை மெச்சுவோம். எழுந்து போனவளை மெச்சமாட்டோம். விளையாட்டிலும் இப்படித்தான் கதை சொல்லி வளர்க்கிறோம். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, திரும்பியும் வந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அவர் இறந்ததும் தெரியும். அவருடைய துணிவை அளக்கிற தகுதி எங்களுக்கு இல்லை. எங்கட கேள்வி கதை சொல்லுகிற எங்களைப் பற்றியது. கரையேறித் திரும்பின ஒருவரின் கதையை, இடையில் போதும் எண்டு நிறுத்தின ஒருத்தியின் கதையை நாங்கள் ஏன் யாருக்கும் சொல்லுறதில்லை?

“நோவைத் தாண்டினால்தானே சாதனை” எண்டு ஒரு நண்பர் வாதாடினார். அதில் உண்மை உண்டு. ஓடினவள் 32ஆவது கிலோமீற்றரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிய பிறகு, தசையில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து தலை சுற்றி அழுதாள். அழுதுகொண்டே நடந்தும் ஓடியும் ஐந்தே முக்கால் மணித்தியாலத்தில் முடித்தாள். அது தாண்டவேண்டிய நோ. ஓய்வும் சாப்பாடும் கிடைத்தால் போய்விடும். ஒற்றைப் புள்ளியில், நாளுக்கு நாள் கூடுற எலும்பு நோ அப்படியில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் படிப்பிக்க ஆள் வேண்டும். மைதானத்துக்கு ஒரு பயிற்றுநர் போதாது, ஒரு பிசியோவும் வேண்டும் எண்டு நாங்கள் கம்பஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறது அதனால்தான்.

பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிற மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அனுப்பும்போதே “ஓடாட்டிலும் பரவாயில்லை” எண்டு ஒரு வசனம் சேர்த்து அனுப்புங்கள். பிறகு சொல்லுறது ஆறுதல் மட்டும்தான். முன்னமே சொன்னால் அது அனுமதி. அந்த அனுமதி இருந்திருந்தால் எங்களில் ஒருத்தி டிசெம்பரிலேயே நிறுத்தியிருப்பாள். போகிறவர்களுக்கும் ஒன்று. ஊர் பார்க்கிறதை ஓட்டத்துக்குப் பிறகு வையுங்கள். முடிந்தால் திரும்புகிற டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். முதல் நாள் பார்க்கிற ஊரும் அரைகுறை, அடுத்த நாள் ஓடுற ஓட்டமும் அரைகுறை.

திங்கட்கிழமை மாமல்லபுரம் போனோம். ஒருத்தி எலும்பு நோவில் நொண்டினாள். மற்றவள் தொடைத் தசை இறுகி, படிகளில் பின்பக்கமாகத்தான் இறங்கினாள். அர்ச்சுனன் தபசு எண்டு சொல்லுற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில், ஒரு தவசி கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். கொஞ்சம் தள்ளிக் கீழே ஒரு பூனையும் அதே மாதிரி நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். எங்களில் ஒருத்தி அந்தத் தவசியைப் பார்த்து, “இவருக்கு இந்த டெஸ்ட் பாஸ்” எண்டாள். சிரித்துச் சிரித்து, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு புல்லில் இருந்தோம்.

ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது “மெடல் எங்கை?” எண்டுதான். ஒரு மெடலைக் காட்டினோம். அம்மம்மா மட்டும் “கால் இப்ப எப்பிடி?” எண்டு கேட்டார். மார்ச்சில் பண்ணைப் பாலத்தில் திரும்பவும் தொடங்கினோம். ஒரு நிமிசம் ஓட்டம், இரண்டு நிமிசம் நடை. இரண்டு பேரும்.