தென்காசிச் சுவரின் காய்ச்சல்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்கே விசித்திரமான விண்ணப்பம் ஒன்றைக் கல்லில் வெட்டி வைத்தான். பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். கல்வெட்டுகள் பெரும்பாலும் மிரட்டும் (கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் இத்யாதி). இவனோ பணிகிறான், குறை வந்தே தீரும் என்று அறிந்திருக்கிறான்.

வந்தது. 1924இல் ராஜகோபுரம் நெருப்பில் சிதைந்தது. 1990இல் மீண்டும் எழும்வரை ஊரார் கண்டது மொட்டைக் கோபுரத்தைத்தான்.

எல்லாக் குறையும் நெருப்பைப் போலத் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. சுதைப்பூச்சு செங்கல்லை விட்டு மெல்ல விலகும். மேலே வண்ணம் பளபளக்கும். கொத்தனார் விரல் முட்டியால் தட்டி, ஓசையை வைத்தே பொள்ளலைச் சொல்லிவிடுவார். நல்ல முறைதான். ஆனால் கோபுரம் முழுக்கத் தட்டச் சாரம் கட்ட வேண்டும்; குற்றாலத்துச் சித்திர சபையின் ஓவியச் சுவரைத் தட்டினாலோ ஓவியமே உதிரக்கூடும்.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர் இங்கே கைகொடுக்கும். வெயிலில் காயும் சுவரில், ஒட்டியிருக்கும் பூச்சு வெப்பத்தை உள்ளே கடத்திவிடும். விலகிய பூச்சின் பின்னுள்ள காற்று அதைத் தடுக்கும். எனவே வெப்பப்படத்தில் அவ்விடம் பகலில் சூடாகவும், அந்திக்குப் பின் விரைவில் ஆறியதாகவும் தெரியும். ஈரம் ஊறிய இடம் ஆவியாதலால் குளிர்ந்து காட்டும். ஆழத்தையும் ஓரளவு கணிக்கலாம்: மூன்று மடங்கு ஆழத்திலுள்ள குறையின் தடயம் மேலெழ ஏறத்தாழ ஒன்பது மடங்கு நேரமாகும். அதற்குள் தடயமும் மங்கிவிடும். அடியாழத்து விரிசலுக்கு இக்கருவி குருடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் கோபுரங்களில் வேறொரு வம்பும் உண்டு. கருநீலப் பொம்மை வெளிர்மஞ்சள் பொம்மையைவிட வெயிலில் கூடுதலாகச் சுடும். அது குறையன்று, வண்ணம். தென்காசிக் காற்று சுவரின் சூட்டைத் துடைத்துக்கொண்டு போகும். ஆனி, ஆடிச் சாரலில் படமெடுப்பது வீண். மாசி, பங்குனியில், பகலும் இரவுமாக எடுக்க வேண்டும். வெயில் நுழையாத சித்திர சபைக்குள் விளக்கால் மிக மெல்லச் சூடேற்றியே பார்க்க இயலும். ஓவியம் தாங்கும் அளவு எது என்பதை ஓவியம் அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும், கருவி வைத்திருப்பவர் அல்ல.

ஆளில்லை என்று சொல்ல முடியாது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் கலை, வெப்பப்படம் உட்பட, பல்லாண்டுகளாக வளர்ந்திருக்கிறது. அத்துறையை வளர்த்த பல்தேவ் ராஜ் தென்னாட்டுச் செப்புத்திருமேனிகள் பற்றிய நூலின் ஆசிரியர்களுள் ஒருவர்.

என் வழக்கு இதுதான். திருப்பணி என்றதும் பழஞ்சுதையை ஒட்டுமொத்தமாகக் கொத்தித் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. எது விலகியிருக்கிறது என்று தெரிந்தால் அதைமட்டும் தொட்டால் போதும். தென்காசியில் 2025இல் குடமுழுக்கு முடிந்துவிட்டது. புதுப்பூச்சு நலமாக இருக்கும்போதே ஒரு பங்குனியில் படமெடுத்து வைத்தால், அடுத்த சாரம் ஏறும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கையில் இருக்கும்.