வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளை



சென்ற மாதம் லிங்கராஜபுரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். வாடகை வீட்டை மாற்றுகிற அவசரத்தில் இருந்தார்கள். கூடமெங்கும் மூட்டைகளும் பாத்திரங்களுமாய்க் கிடந்தன. மூத்த மகள் தரையில் அமர்ந்து, குடும்பத்தின் ஆதார் அட்டைகளும் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதன் நடுவே கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ்கள் ஐந்து இருந்தன. அந்த வீட்டில் இருப்பவர்களோ ஆறு பேர்.

"இதையெல்லாம் இனி எறிந்துவிடலாமா, அங்கிள்?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும் மகளே" என்றேன். அந்தத் தாள்களில் ஒன்றன்மேல் இருக்கும் தேதிக்கு நானும் ஒரு காரணம். அதை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த குடும்பம் அது. தகப்பன் ஆட்டோ ஓட்டுகிறவர். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. தகப்பனைப் பெற்ற ஆச்சி, மூத்த மகள், அவளுக்குக் கீழே இரண்டு தம்பிமார். 2021-ஆம் ஆண்டில் மகளுக்கு வயது 16, எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். காலையில் அதில் வகுப்பு நடக்கும். மற்ற நேரத்தில் அதே போனில்தான் தடுப்பூசிக்கு இடம் தேட வேண்டும்.

நம் தேசத்தில் தடுப்பூசி எவ்விதமாய்த் திறக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். 2021 ஜனவரி 16-இல் மருத்துவப் பணியாளருக்குத் தொடங்கியது. மார்ச் 1-இல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45-க்கு மேல் நோயுள்ளவர்களுக்கும். ஏப்ரல் 1-இல் 45-க்கு மேற்பட்ட எல்லாருக்கும். மே 1-இல் 18-க்கு மேற்பட்டோருக்கு. அதற்குக் கீழே கதவு இல்லை. மூப்பர்களே அதிகமாய் மரித்தார்கள், மருந்தோ குறைவு, பிள்ளைகளிடத்தில் பரிசோதனையும் முடியவில்லை. ஆகவே அந்த வரிசை நியாயமானதே. ஆனாலும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிற ஆறு பேரை அது ஆறு தேதிகளாகப் பிரித்துவிட்டது.

ஆச்சிக்கு மார்ச்சு மாதமே முதல் ஊசி கிடைத்தது. தகப்பனுக்கு வயது 46, ஏப்ரலில் போட்டுக்கொண்டார். தாய்க்கு 39. அங்கேதான் இடறல். ஏப்ரல் 28 மாலை நான்கு மணிக்கு 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்கான பதிவு திறந்தபோது, ஒரே நாளில் 1.3 கோடிக்கும் அதிகமானோர் கோவின் தளத்தில் பதிந்தார்கள். பதிந்தவர்களுக்கு இடம் இல்லை. மே 5 அன்று கர்நாடகத்தில் ஒரே நாளில் கண்டறியப்பட்ட தொற்று 50,000-ஐத் தாண்டிற்று. ஆம்புலன்சுச் சத்தம் கேட்காத இரவு இல்லை. மே 14 முதல் 18-44 வயதினருக்கு ஊசி போடுவதை மாநில அரசு தற்காலிகமாய் நிறுத்தி, இருப்பதை 45-க்கு மேற்பட்டோரின் இரண்டாம் தவணைக்கு ஒதுக்கியது. தனியார் மருத்துவமனையில் கிடைத்தாலும் விலையைக் கேளுங்கள்: ஜூன் மாதம் அரசு நிர்ணயித்த உச்சவரம்பின்படியே கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். ஊரடங்கில் ஆட்டோ ஓடாத வீட்டில் அது பேச்சுக்கும் எட்டாத தொகை.

இந்த நாட்களில் அந்த 16 வயதுப் பிள்ளை என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். கோவின் தளம் முதல் சில மாதங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஜூன் மாதம் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோதும் முதற்பட்டியலில் தமிழைக் காணோம்; கேள்வி எழுந்த பிறகே சேர்த்தார்கள். ஆட்டோ ஓட்டும் தகப்பனும் தையல் தைக்கும் தாயும் அதில் என்ன செய்யக்கூடும்? எண்ணை இடுவதும், ஓடிபி வருமுன் எழுத்துகளைத் தட்டுவதும், பச்சை நிறத்தில் தெரிந்த இடம் விரல் படுமுன் சிவப்பாய் மாறுவதைப் பார்ப்பதும் பிள்ளைகளின் வேலையாயிற்று. தன் தாய்க்காகத் தொடங்கியவள், கீழ்வீட்டுக் குடும்பத்துக்கும், சபையின் விதவைத் தாய்மாருக்கும், தகப்பனோடு ஓட்டுகிற ஆட்டோக்காரர்களுக்கும் பதிந்து கொடுத்தாள். ஒரு போன் எண்ணுக்கு நான்கு பேர்தான் அப்போது. அதனால் யார் யாருடைய எண் என்பதற்குக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். முப்பது பெயருக்கு மேல் இருந்தது. அந்த நோட்டின் முன்பக்கத்தில் ஜூலை 19, 22 என்று தேர்வு நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வருடம் எஸ்.எஸ்.எல்.சி. முழுவதையும் அந்த இரண்டு நாட்களில், விடையைத் தெரிந்தெடுக்கும் முறையில் நடத்தினார்கள். ஊசி போடப்படாத பிள்ளைகள் முகக்கவசத்தோடு தேர்வறைக்குள் சென்று எழுதிவந்தார்கள்.

உச்சநீதிமன்றமும் இதைக் கவனித்தது. இணையவசதியற்ற ஏழைகள் எவ்விதம் பதிவார்கள் என்று 2021 மே மாத இறுதியில் மத்திய அரசைக் கேட்டது. 18-44 வயதினரைக் காசு கொடுத்துப் பெறச் சொல்லும் கொள்கையைக் கடிந்துரைத்தது. ஜூன் 21 முதல் மத்திய அரசே 18-க்கு மேற்பட்ட அனைவருக்கும் இலவசமாய் மருந்து அளிக்கும் என்று ஏற்பாடு மாறியபின் தாய்க்கும் அரசு மையத்தில் ஊசி கிடைத்தது.

மகளுக்கு? அதே மே மாதத்தில், 12 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஃபைசர் ஊசி போட அமெரிக்கா அனுமதி தந்திருந்தது. அங்கே டல்லாஸில் இருக்கும் பெரியம்மா மகன், இவளைவிட மூன்று வயது இளையவன், கையில் பஞ்சு ஒட்டிய படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பினான். இவள் அதற்கு ஒரு கைதட்டல் படம் அனுப்பினாளாம். நம் தாய்மார் சிலர் அப்போது என்னிடம் மனம் கசந்து பேசினதுண்டு. ஆனால் அதே வாரத்தில், மே 14 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், செல்வந்த நாடுகள் பிள்ளைகளுக்குப் போடுவதைச் சற்று மறுபரிசீலனை செய்து ஏழை நாடுகளுக்கு மருந்தைத் தரட்டும் என்று வேண்டினார். மருத்துவப் பணியாளருக்கே ஊசி எட்டாத நாடுகள் அப்போது இருந்தன. நமக்கு முன்னே நின்றவர்களை மட்டும் பார்த்தோம்; நமக்குப் பின்னே நின்றவர்களையும் பார்த்திருக்கலாம்.

நம் நாட்டில் 2 முதல் 18 வயதுவரை 525 பிள்ளைகளிடத்தில் கோவாக்சினைச் சோதிக்க 2021 மே மாதத்தில் அனுமதி கிடைத்தது. அக்டோபரில் நிபுணர் குழு பரிந்துரைத்தது. டிசம்பர் 25 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, ஜனவரி 3 முதல் 15-18 வயதினருக்கு ஊசி என்று அறிவித்தார். 2007-லோ அதற்கு முன்னோ பிறந்திருக்க வேண்டும். ஆதார் இல்லாவிட்டால் பள்ளி அடையாள அட்டை போதும். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அந்த வீட்டில் கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் நாளிலேயே தேசமெங்கும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள்.

அவள் அந்த 40 லட்சத்தில் இல்லை.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் கல்லூரியிலிருந்து பெற்றோர் ஒப்புதல் தாள் வந்தது. அன்று மாலை தகப்பன் என்னிடம் வந்தார். அவருடைய போனில் ஒரு குரல்பதிவு. பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இராது என்று தமிழில் யாரோ ஒருவர் அழுத்தந்திருத்தமாய்ப் பேசியிருந்தார். அதற்கு முன்பே 666 என்றும் முத்திரை என்றும் நம் வட்டாரங்களில் சுற்றிய செய்திகளை நான் மறுத்திருக்கிறேன். அது எனக்குக் கடினமாயில்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகளின் எதிர்காலத்தைக் குறித்து நடுக்கத்தோடு நிற்கும்போது, "தெரியாது" என்றோ, "மருத்துவரைக் கேட்போம்" என்றோ சொல்வதற்குப் பதிலாக, "அவசரம் என்ன, இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், பிரதர்" என்றேன். ஞானமுள்ள ஆலோசனை போலத்தான் அது தொனித்தது. எனக்கோ மூன்று மாதத்துக்கு முன்பே இரண்டு தவணையும் முடிந்திருந்தது.

அந்தக் குரல்பதிவில் உண்மை இல்லை. 15-18 வயதினருக்குக் கொடுக்கப்பட்டது கோவாக்சின் ஒன்றே. செயலிழக்கச் செய்த வைரசைக் கொண்டு ஆக்கப்பட்ட ஊசி அது. வெறிநாய்க்கடிக்கும், ஊசிவழி போலியோவுக்கும் நெடுங்காலமாய் நாம் பயன்படுத்துகிற அதே முறை. (2024-இல் இரத்தம் உறைதலைப் பற்றி எழுந்த செய்தி கோவிஷீல்டைச் சார்ந்தது. அது மிக அரிதான விளைவு. நம் நாட்டின் திட்டத்தில் அந்த ஊசி இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் போடப்படவே இல்லை. இன்றும் சிலர் என்னைக் கேட்பதால் எழுதுகிறேன்.) இவற்றை அறிந்துகொள்ள எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

மகள் தகப்பனிடம் சண்டையிடவில்லையாம். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாள்: "அப்பா, முப்பது பேருக்கு நான் பதிந்து கொடுத்தேனே, எனக்கு ஒரு கையெழுத்து இல்லையா?" அவர் பதில் சொல்லாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒமிக்ரான் வந்தது. ஜனவரி 20-ஐ ஒட்டித் தேசத்தில் ஒரு நாளில் மூன்றரை லட்சம் தொற்று வரை எட்டியது. மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கழித்து ஆச்சிக்கு மூச்சுத்திணறல். ஆச்சி மே முதல் வாரத்தில் இரண்டாம் ஊசி போட்டவர். முதியோருக்கான முன்னெச்சரிக்கைத் தவணை ஜனவரி 10-இல் தொடங்கியிருந்தும், ஒன்பது மாதம் நிறைய அவருக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஆறு நாள் மருத்துவமனையில் பிராணவாயுவோடு இருந்து, தேவ கிருபையால் வீடு திரும்பினார். அந்த ஆறு நாளும் பிள்ளை சமையலறைக்குப் பின்னுள்ள சிறு இடத்தில் தனித்திருந்து, "நான்தானே ஆச்சிக்குக் கொடுத்தேன்" என்று அழுதிருக்கிறாள்.

ஜனவரி 3-இல் ஒரு ஊசி போட்டிருந்தால் இது நேராதிருக்குமா? உறுதியாய்ச் சொல்ல முடியாது. இரண்டாம் தவணைக்கு 28 நாள் வேண்டும். ஒமிக்ரான் ஊசி போட்டவர்களையும் தொற்றியது. ஆச்சி வேறெங்காவதுகூடப் பெற்றிருக்கலாம். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் போட்டிருந்தால் அந்தக் கேள்வியை அவள் தனியே சுமந்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு காரியம். கொரோனாவிலிருந்து தேறியவர்கள் மூன்று மாதம் கழித்தே ஊசி போட வேண்டும் என்று அரசு அந்த ஜனவரியிலேயே அறிவுறுத்தியது. ஆகவே தகப்பன் மனம் மாறி ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டபோது, அந்தத் தாளுக்கு உடனடிப் பயன் இல்லாமல் போயிற்று. மார்ச் 16 அன்று 12-14 வயதினருக்குக் கோர்பிவாக்ஸ் தொடங்கியது. 2009-இல் பிறந்த பெரிய தம்பிக்குத் தொற்று வரவில்லை; அவன் முதல் வாரத்திலேயே போட்டுக்கொண்டான். கோவினில் ஒரு எண்ணுக்கு ஆறு பேர் என்று அதற்குள் கூட்டியிருந்தார்கள். அவன் பெயரைத் தட்டிச் சேர்த்தவளும் அக்காள்தான். அவளுடைய முறை ஏப்ரல் கடைசியில் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் பின்னாக.

பெற்றோரே, நாம் நமக்கென்றால் நடுராத்திரியிலும் இடம் தேடினோம். பிள்ளைகளுக்கென்று வந்தபோது நம்மில் அநேகர் தயங்கினோம். அன்பினால்தான் தயங்கினோம், ஆனால் 16 வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, "உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று எத்தனை பேர் கேட்டோம்? அந்த வீட்டில் கேட்கவில்லை. நானும் தகப்பனோடு திண்ணையில் நின்று பேசிவிட்டு வந்தேனே தவிர, உள்ளே போய் அவளைக் கேட்கவில்லை. நோயைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் அந்தத் தெருவில் அவளைவிட அதிகம் படித்திருந்தவர் ஒருவரும் இல்லை.

சென்ற மாதம் அதை அவளிடத்தில் சொன்னேன், தகப்பனும் இருக்கையிலேயே. அவள் இப்போது கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். சற்று நேரம் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லை அங்கிள், அப்போது எல்லாருக்கும் பயம்" என்றாள். தகப்பன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "எனக்குத்தான் ரொம்பப் பயம்" என்றார்.

கட்டிலில் அமர்ந்திருந்த ஆச்சி, "சின்னவனுக்கு ஏன் தாள் இல்லை?" என்று கேட்டார். சின்னவன் 2013-இல் பிறந்தவன். 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்குக் கோவாக்சினையும், 5 முதல் 12 வரை கோர்பிவாக்ஸையும் அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதித்து 2022 ஏப்ரல் 26-இல் அறிவிப்பு வந்தது. அக்காள் அவனுடைய பெயரையும் நோட்டுப் பட்டியலில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் அந்த வயதினருக்கு அரசின் தடுப்பூசித் திட்டம் திறக்கப்படவே இல்லை. அவனுக்காக வாங்கிய பிளாஸ்டிக் உறை கோப்பின் கடைசியில் வெறுமையாய் இருந்தது. அவள் அதில் புது வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை மடித்து வைத்தாள்.