சென்சார் பழுதென்னும் தீர்ப்பு

மடிக்கணினி தன் வெப்பநிலையைப் பொருத்தமில்லாமல் காட்டினாலும், சுழன்றுகொண்டிருக்கும் விசிறியின் வேகத்தைப் பூஜ்யமென்று சொன்னாலும், மடக்கித் திருப்பக்கூடிய மாதிரிகளில் திரை தலைகீழாக நின்றாலும், பழுது பார்க்கும் கடைகளிலும் விஷயம் தெரிந்த நண்பர்களின் யோசனைகளிலும் ஒரே விதமான தீர்ப்புத்தான் கிடைக்கிறது: சென்சார் போய்விட்டது, இல்லையானால் டிரைவர் கெட்டுவிட்டது, டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு, அதற்கும் மசியாவிட்டால் ஃபார்மட் செய், அப்புறமும் சரிப்படாவிட்டால் போர்டை மாற்று, எதைச் செய்து பார்த்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்த அபிப்பிராயத்தின் ஒவ்வோர் அங்கமும் பிசகானது என்பதும், அதை நம்பி நல்ல நிலையிலுள்ள இயந்திரங்களைப் பலர் வீணாக்குகிறார்கள் என்பதும் என் திடமான எண்ணம்.

முதலில், எண் தவறானால் சென்சார் பழுது என்ற வாதத்தைப் பார்ப்போம். லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையை இட்டுப் பார்க்கிறவர்களில் சிலர், ஏசிபிஐ என்ற தலைப்பின் கீழ் 26.8 டிகிரி என்ற எண், இயந்திரம் சும்மா இருக்கும்போதும் வீடியோவை மாற்றும் வேலையில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும்போதும், சற்றும் அசையாமல் நிற்பதைக் கண்டு, சென்சார் செத்துவிட்டதென்று நிச்சயித்துவிடுகிறார்கள். பயாஸும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்கான ஏசிபிஐ விதிப்படி பயாஸானது வெப்பத்தைக் கெல்வின் அளவில், ஒரு கெல்வினைப் பத்தாகப் பகுத்த அலகில், தெரிவிக்கவேண்டும். கெர்னல் பெரும்பாலும் அதிலிருந்து 2732-ஐக் கழித்துப் பத்தால் வகுத்து செல்சியஸ் ஆக்கித் தருகிறது. அசையாத அந்த 26.8-ஐப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 3000 என்ற முழு எண் வந்து நிற்கும். பயாஸை எழுதியவர்கள் அவ்விடத்தில் எந்த சென்சாரையும் வாசிக்காமல், 3000 என்ற மாறாத எண்ணையே எழுதி வைத்துவிட்டார்கள். கெட்டுப்போவதற்கு அங்கே சென்சாரே இல்லை. அதே இயந்திரத்தில், பிராசஸர் இண்டெலுடையதானால், ‘கோர்டெம்ப்’ என்ற டிரைவர் பிராசஸரின் உண்மையான வெப்பத்தைப் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ‘கோர்டெம்ப்’ காட்டும் எண்ணும் நேரடியான அளவு அல்ல என்பதை அறிந்தவர்கள் குறைவு. இண்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சென்சார், இத்தனை டிகிரி சூடு என்று சொல்வதில்லை. தாங்கக்கூடிய உச்ச வெப்பத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறதென்பதையே சொல்கிறது. டிரைவர்தான் உச்ச வெப்பத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்து நமக்கு விடை தருகிறது. 2008-இல் நெஹலம் தலைமுறை வருவதற்கு முன், மடிக்கணினிகளுக்கான பிராசஸரின் உச்சம் 85-ஆ 100-ஆ என்பதை டிரைவர் சில அடையாளங்களைக் கொண்டு அனுமானிக்க வேண்டியிருந்தது. அனுமானம் தவறினால், பழுதேதுமற்ற சென்சாரின் பேரில் எப்போதும் பதினைந்து டிகிரிப் பிழை ஏறிவிடும். மேலும் இந்த சென்சார்கள் உச்சத்தை நெருங்கும்போதுதான் துல்லியமாக இருக்கின்றன; குளிர்ந்த நிலையில் ஒரு கோர் மற்றொன்றைவிட நாலைந்து டிகிரி வேறுபட்டுக் காட்டுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

டிரைவர் கெட்டுவிட்டது, திரும்பப் போட்டால் தீரும் என்பது அடுத்த வாதம். திரை தலைகீழாவதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். திரை நிற்கும் திசையை அறிவிக்கும் சில்லைத் தயாரிப்பாளர் போர்டில் எந்தப் பக்கமாகத் திருப்பிப் பொருத்தினாரோ, அதற்கேற்ற ஒன்பது எண்கள் கொண்ட அணி ஒன்று லினக்ஸுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அது ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக, லினக்ஸின் தொடக்கத்தைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற தொகுப்போடு வரும் ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மாதிரியின் பெயர் அதில் இல்லாவிட்டால், எத்தனை தடவை ஃபார்மட் செய்து ஏற்றினாலும் அதே அட்டவணைதான் வரும், திரையும் அப்படியேதான் நிற்கும். வேண்டுவது அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரி.

ஆனால் ஃபார்மட் செய்தபின் சரியானதைப் பிரத்தியட்சமாகக் கண்டோமே என்பார்கள். கண்டது மெய்தான், அதற்குச் சொல்லும் காரணந்தான் சந்தேகத்துக்குரியது. விண்டோஸ் 8 முதல், ‘ஷட்டவுன்’ கொடுத்து நிறுத்தினாலும் கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்துத் தொடரும் வழக்கம் வந்திருக்கிறது. ஆகவே சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் ஆதியிலிருந்து தொடங்கும். விசிறியையும் பாட்டரியையும் கவனித்துக்கொள்ளும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறிய சில்லோ, இயந்திரம் நின்ற பிறகும் மின்சாரம் பெற்று விழித்திருப்பது. பல மாதிரிகளில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால்தான் அது தன் பழைய நிலையை விடும். ஃபார்மட்டின் நடுவே நடந்த ரீஸ்டார்ட்டுகள் செய்த உபகாரத்தை ஃபார்மட்டின் கணக்கில் எழுதி, படங்களையும் கடிதங்களையும் இழப்பது எவ்வளவு பரிதாபம்!

எதைச் செய்து பார்த்தாலும் நஷ்டமில்லை என்ற கடைசி வாதமே எல்லாவற்றிலும் அபாயகரமானது. 2001-ஐ ஒட்டிய காலத்தில் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றுக்கு நேர்ந்த கதியை இதைச் சொல்கிறவர்கள் அறிந்திருக்கவேண்டும். லினக்ஸில் சென்சார்களைப் படிக்க உதவும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பிலிருந்த தேடும் நிரல், எந்தெந்த முகவரியில் என்ன சில்லு இருக்கிறதென்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போயிற்று. அந்த இயந்திரங்களில் இருந்த 24ஆர்எஃப்08 என்ற நினைவுச் சில்லு, அந்த விசாரிப்புச் சைகைகளைத் தவறாக ஏற்றுத் தன்னுள் பதிந்திருந்த தகவல்களைக் குலைத்துக்கொண்டது. அதன்பின் அவ்வியந்திரங்கள் பூட் ஆகவே மறுத்து, பழுது பார்ப்பதற்கு அனுப்பப்பட்டன. அந்த அனுபவத்தின் விளைவாகவே, ஐபிஎம் இயந்திரமென்று தெரிந்தால் தான் ஏறுவதற்கே மறுத்துவிடும்படி அத்தகைய சில்லுகளை அணுகும் வழியைக் கையாளும் கெர்னலின் பிக்ஸ்4 டிரைவரில் ஒரு நிபந்தனையை எழுதினார்கள். 2009-இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்து, ஏசிபிஐ தனக்கென்று கோரும் சில்லை வேறு டிரைவர் தொடக்கூடாதென்ற தடை இயல்பாகவே அமலில் இருக்கிறது. பயாஸும் டிரைவரும் ஒரே சில்லை மாறி மாறிக் கையாண்டால், ஒருவர் தேர்ந்த இடத்திலிருந்து மற்றவர் படித்துப் பொய்யான எண்ணைப் பெறுவதோடு, விசிறியின் கட்டுப்பாடும் குழம்பலாம். அந்தத் தடையைக் கெர்னலின் ‘லாக்ஸ்’ என்ற அமைப்பால் தளர்த்திவிடச் சொல்லும் யோசனையை, என்ன செய்கிறோமென்று தெரியாமல் யாரும் ஏற்கலாகாது.

சென்சார்கள் கெடுவதே இல்லையென்று நான் வாதாடவில்லை. விசிறியின் வேகத்தைச் சொல்லும் கம்பி அறுவதுண்டு. வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரின் இணைப்பு விட்டுப்போவதுமுண்டு. அப்படி நேர்ந்தால் பயாஸின் திரையிலும், விண்டோஸிலும், யுஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸிலும் ஒரே தவறு தெரியும். எண்ணும் பொதுவாக ஏதேனும் ஓர் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் ஓரிடத்தில் மட்டும் தவறும் மற்றவற்றில் சரியும் தெரிந்தால், குற்றம் சில்லின் மேல் இல்லை. இந்தப் பரீட்சைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. ஆகையால் போர்டுக்கு விலை சொல்கிற கடைக்காரரிடம், யுஎஸ்பி லினக்ஸில் ‘சிஸ்’ அடைவின் கீழுள்ள ‘எச்டபிள்யூமான்’ கோப்புகளைத் திறந்து, 52000 என்றிருந்தால் அது 52 டிகிரி என்று சேர்ந்து படித்துப் பார்த்தபின் விலையைச் சொல்லும்படி, வாடிக்கையாளர் தயங்காமல் கேட்கவேண்டும்.