கோட்பாட்டு இயற்பியலுக்கு மட்டும் ஏன் விலக்கு?

நீட், கிரீமிலேயர், ஐஐடி என்று கல்வியில் சமூக நீதிக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறோம். ஆனால் எட்டே எட்டு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் மட்டும் பெரும்பாலும் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கி 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது அல்லவா, அந்தச் சட்டத்தின் இறுதியில்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. இதில் உள்ள நிறுவனங்கள் ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டியதில்லை என்கிறது சட்டத்தின் 4ஆவது பிரிவு. மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விலக்கு இருக்கிறது.

யார் இவர்கள்? மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம். இவற்றோடு ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் பத்து உறுப்பு நிறுவனங்களும். நம் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அந்தப் பத்தில் அடக்கம். புவனேஸ்வரின் இயற்பியல் நிறுவனம், அலகாபாத்தின் ஹரிஷ் சந்திரா ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் ஆகியவையும் உண்டு.

பட்டியலில் மருத்துவ நிறுவனங்களும் விண்வெளி நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனாலும், இந்தியாவில் கோட்பாட்டு இயற்பியல் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவர் முதலில் எண்ணிப் பார்க்கும் பெயர்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன. இவை சிறப்பு மிக்கவை, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்பதுதான் விலக்குக்குச் சட்டம் சொல்லும் காரணம். சிறப்பு இருக்கும் இடத்தில் ஒடுக்கப்பட்டவருக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதுதானே இதற்குப் பொருள்? இதே நிறுவனங்கள் எழுத்தர் பணிக்கு விளம்பரம் கொடுக்கும்போது எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடங்களைக் கணக்கிட்டு அச்சிடுகின்றன. கோப்பு எழுதும் மேசைக்கு இட ஒதுக்கீடு உண்டு, சமன்பாடு எழுதும் மேசைக்குக் கிடையாது.

கை வேலைக்கு ஒருவர், மூளை வேலைக்கு ஒருவர் என்று பிறப்பால் பிரித்த அதே புத்திதான் இது. இந்தப் புத்தி எவ்வளவு பொய்யானது என்பதை அந்த நிறுவனங்களில் நடக்கும் ஒரு துறையே எடுத்துக் காட்டுகிறது. கல்லூரிகளில் கண்டென்ஸ்டு மேட்டர் பிசிக்ஸ் என்று சொல்லப்படும் செறிபொருள் இயற்பியல்தான் அது.

தூய்மையும் அழுக்கும்

ஒரு கிராம் இரும்பில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் 22 சுழியம் போட்டால் வருவது. இத்தனை அணுக்கள் கூடும்போது ஒரு பொருள் ஏன் வளைகிறது, ஏன் முறிகிறது, ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் இத்துறைக் கோட்பாட்டாளர்களின் வேலை. பாலம், பேட்டரி, செல்போன் சிப், அணு உலையின் எஃகு எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் இயற்பியலாளர்களிடையே இதற்கு நீண்ட காலம் மரியாதை இல்லை. குவாண்டம் இயற்பியலின் பெரும் பெயர்களில் ஒருவரான பவுலி இதை அழுக்கு இயற்பியல் என்று இகழ்ந்தார். குறைகடத்திகள் பக்கமே போகக் கூடாது என்று 1931இல் தன் சக ஆய்வாளருக்குக் கடிதமே எழுதினார். மாசு கலந்த பொருள். ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இதில் என்ன சுத்தமான விதி கிடைக்கும் என்பது அவர் எண்ணம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று பல லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாஸ்பரஸையோ போரானையோ வேண்டுமென்றே கலக்கிறார்கள். அந்த மாசு இல்லையென்றால் சிப் இல்லை.

உலோகத்தின் வலிமைக் கதையும் இப்படித்தான். ஒரு பிசகும் இல்லாமல் அணுக்கள் அடுக்கப்பட்ட படிகம் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று சோவியத் இயற்பியலாளர் பிரெங்கல் 1926இல் கணக்கிட்டார். உண்மையான உலோகம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே வளைந்து கொடுத்தது. ஏன் என்பதற்கு 1934இல் டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற மூவர் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள். அணு வரிசையில் ஆங்காங்கே ஒரு பிசகு இருக்கிறது; விசை கொடுத்தால் முழு அடுக்கும் ஒரேயடியாக நகர்வதில்லை, அந்தப் பிசகு மட்டும் நகர்கிறது. கனமான ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பதைவிட, ஒரு முனையில் சுருக்கம் உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போவது எளிது அல்லவா? டிஸ்லொகேஷன் என்று பெயர் பெற்ற இந்தப் பிசகை 1956இல்தான் மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள்.

நன்றாகக் காய்ச்சி ஆறவிட்ட உலோகத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து லட்சம் பிசகுகள் இருக்கும். சம்மட்டியால் அடிக்க அடிக்க அது பத்தாயிரம் கோடிக்கு மேல் போகும். பெருகிய பிசகுகள் ஒன்றையொன்று மறிக்கும், உலோகம் கெட்டிப்படும். மறுபடி நெருப்பில் இட்டால் அவை குறையும், உலோகம் இளகும். உலைக்களத்தில் நின்றவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்ததற்குக் கோட்பாட்டாளர்கள் காரணம் கண்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

படிகத்தைக் காட்டிச் சாதிக்கு உவமை சொல்வது என் நோக்கம் அல்ல. அணுக்களுக்குச் சாதி கிடையாது. அறிவைத் தூய்மை வரிசையில் அடுக்கியவர்கள் அறிவியலுக்குள்ளேயே எத்தனை முறை தோற்றிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 1972இல் பிலிப் ஆண்டர்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதமும் இதுவே. அடிப்படைத் துகளின் விதி தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பயன்பாடு என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். பல கூடும்போது புதிய விதிகள் எழுகின்றன, அந்த விதிகளும் சம அளவில் அடிப்படையானவை என்று வாதிட்டார்.

யாருடைய மூளைக்கு எது வரும்?

கோட்பாடு என்பது தலைமுறை தலைமுறையாக ஏடு படித்தவர்களின் மூளைக்கே இயல்பாக வரும் என்று இங்கே வெளிப்படையாகவும் சாடையாகவும் சொல்கிறார்கள். ஜெர்மனியில் கதை தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மதிப்பும் பணமும் பரிசோதனை இயற்பியல் பேராசிரியர்களிடம் இருந்தன. கோட்பாடு இரண்டாம் தர வேலையாக இருந்ததால்தான் யூதர்கள் அதில் ஓரளவு நுழைய முடிந்தது. பிறகு லெனார்ட், ஸ்டார்க் என்ற இரண்டு நோபல் பரிசாளர்கள், பரிசோதனைதான் ஆரிய மூளைக்கு உரியது, கோட்பாட்டு இயற்பியல் யூத மூளையின் சூழ்ச்சி என்று பிரச்சாரம் செய்தார்கள். 1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசின் சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றியது. படிக இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட மாக்ஸ் பார்ன் பதவி இழந்தார். போலன்யி பெர்லினை விட்டு மான்செஸ்டர் போனார். சிறுவனாக வியன்னாவிலிருந்து தப்பிய வால்டர் கோனின் பெற்றோர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோன் 1964, 1965ஆம் ஆண்டுகளில் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரைகள்தான் இன்று கணினியில் பொருட்களைக் கணக்கிடும் முறையின் முதுகெலும்பு. 1998இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

அங்கே பரிசோதனை உயர்ந்தது, அது ஆரியருக்கு. இங்கே கோட்பாடு உயர்ந்தது, அது பார்ப்பனருக்கு. எது உயர்ந்தது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. உயர்ந்ததாகக் கருதப்படுவதன் மேல் ஆதிக்கக் கூட்டம் உட்கார்ந்துகொள்வது மட்டும் மாறவில்லை. ஆகவே இது மூளையின் இயல்பு அல்ல, அதிகாரத்தின் இயல்பு.

நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் இருக்கும். அதனால்தான் பல மேளங்களில் ஓசை இருக்கும், சுருதி இருக்காது. மிருதங்கத்தில் மட்டும் 1, 2, 3, 4, 5 என்று இசையோடு பொருந்தும் விகிதம் எப்படி வருகிறது? நடுவில் அப்பிய கருப்புக் கரணையின் எடைதான் காரணம் என்று சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் விளக்கினார். சிறப்பான ஆய்வுதான். ஆனால் தோலின் எந்த இடத்தில் எவ்வளவு எடை ஏற்றினால் சுருதி சேரும் என்ற புதிரை ராமனுக்கு முன்பே கையாலும் காதாலும் அவிழ்த்தவர்கள் யார்? மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி மிருதங்கம் கட்டிய தொழிலாளர்கள். அவர்களில் தலித் கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் தனி நூலாகவே எழுதினார். தோலைத் தொட்டவருக்குத் தீட்டு, தோலின் சமன்பாட்டை எழுதியவருக்குப் புகழ். தோலைத் தொட்டவரின் பிள்ளை அந்தச் சமன்பாட்டை எழுத வந்தால் சட்டத்தில் விலக்கு.

சாஹாவின் பெயரில்

மேக்நாத் சாஹா 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில், தாழ்ந்ததாக நடத்தப்பட்ட சாதியில், சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் படித்தபோது விடுதியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆதிக்கச் சாதி மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சரஸ்வதி பூஜையிலும் தள்ளி வைத்தார்கள். கல்விக்குத் தெய்வம் என்று கும்பிட்டவர்கள் படிக்க வந்தவனை விரட்டினார்கள். அவர் 1920இல் வெளியிட்ட சாஹா சமன்பாடு இல்லாமல் இன்றும் விண்மீன்களின் ஒளியைப் படித்தறிய முடியாது. அது தூய கோட்பாடு.

அவர் உருவாக்கிய நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாஹா நிறுவனமும் இட ஒதுக்கீட்டு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் அவரை ஒதுக்கியவர்களின் வாரிசுகள் அவர் பெயரிலேயே கதவைச் சாத்த முடிகிறது என்றால் இந்தச் சட்டத்தை என்னவென்று சொல்வது?

அவர்கள் சொல்லும் காரணங்கள்

இவை சிறிய நிறுவனங்கள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு பணியிடங்களே வரும், சுழற்சி முறை சரிவராது என்பார்கள். 2019 சட்டம் கொண்டுவரப்பட்டதே இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். துறைவாரியாகக் கணக்கிட்டால் ஒதுக்கீடு காணாமல் போகிறது என்பதால், முழு நிறுவனத்தையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. விடையை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிறார்கள்.

தரம் குறைந்துவிடும் என்பார்கள். பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமும் ஐஐடிகளும் ஐசர்களும் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கெல்லாம் செறிபொருள் கோட்பாடு செத்துவிட்டதா? உண்மையில் அங்கேயும் சட்டம் இருந்தும் இடங்கள் நிரம்பவில்லை. ஐந்து முன்னணி ஐஐடிகளில் முழுப் பேராசிரியர்களில் 98 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. 2020இல் ஒன்றிய அரசு அமைத்த குழு ஒன்று, ஐஐடிகளையும் இதே 4ஆவது பிரிவு விலக்கில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இந்தப் பட்டியலை நாம் கேள்வி கேட்காமல் விட்டால் அது நீளும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். இரும்புப் படிகத்தில் பிசகு எப்படி நகர்கிறது என்று கணக்கிடுவதில் எஸ்.சி. மாணவருக்குத் தெரியக் கூடாத ரகசியம் என்ன இருக்கிறது? கட்டுரைகள் உலகம் முழுக்கப் படிக்க வெளிவருகின்றன.

என்ன செய்ய வேண்டும்?

2006, 2019 ஆகிய இரு சட்டங்களிலும் உள்ள இந்த நிறுவன விலக்கும் பட்டியலும் நீக்கப்பட வேண்டும். சிறுபான்மை நிறுவனங்களுக்கான விலக்கு அரசமைப்புச் சட்ட உரிமை, அது வேறு. அதை இதோடு குழப்ப விடக்கூடாது. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, முனைவர் பட்டச் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், நேர்காணலுக்கு வந்தார்கள், தேர்வானார்கள் என்ற கணக்கை இந்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம்.

அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தோழர்களுக்கு இன்னொன்று. பெரிய கருவிகள் வாங்க வேண்டிய ஆய்வுத் துறை அல்ல இது. குவாண்டம் எஸ்பிரெஸோ, லாம்ப்ஸ் போன்ற மென்பொருட்களை உலகின் முன்னணி ஆய்வாளர்களே பயன்படுத்துகிறார்கள். அவை முற்றிலும் இலவசம். சில அணுக்கள் கொண்ட ஒரு படிகத்தைச் சாதாரண மடிக்கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. வாசகர் வட்டம் நடத்துவது போல ஊருக்கு ஊர் கணினி இயற்பியல் வட்டங்கள் நடத்துவோம். பத்து பேர் சேர்ந்து படித்தால் நுழைவுத் தேர்வின் மிரட்டலும் நேர்காணலின் மிரட்டலும் பாதியாகக் குறையும்.

ஆனால் தனி ஆள் முயற்சியைச் சொல்லிச் சட்டத்தை மறைக்கக் கூடாது. சாஹா படித்து முன்னேறினாரே, நீங்களும் படியுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் பேராசிரியர் நியமனத்தில் எங்களுக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?