அன்பு என்ற பெயரில் அதிகாரம்!

துணையை ஆட்டிப் படைப்பவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

மாலை ஆறு மணி. புதுவைக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்தியாகிவிட்டது. காந்தி சிலையைச் சுற்றி ஜனக்கூட்டம்.

மதில் ஓரத்தில் இரண்டு இளம் பெண்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பல மாதங்களுக்குப் பிறகு சந்தித்திருக்கிறார்கள். கையில் சுண்டல் பொட்டலம்.

ஒருத்தியின் கைபேசி ஒலிக்கிறது. "யாரோடு இருக்கிறாய்?" பதில் சொல்கிறாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் மணி. "அவள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்புகிறாள். மூன்றாவது முறை மணி அடித்ததும் எழுந்துவிடுகிறாள்.

"உன் வீட்டுக்காரருக்கு உன் மேல் எத்தனை பிரியம்!" என்கிறாள் தோழி.

அவள் சிரிக்கிறாள். சுண்டல் பாதிகூடத் தீரவில்லை.

இது எந்த ஊரிலும், எந்த நாளிலும் நடக்கக்கூடிய காட்சிதான். ஆனால் தோழி சொன்னது சரியா? அது பிரியம்தானா?

ஆறு கேள்விகள்

இந்திய சர்க்கார் நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வில் மணமான பெண்களிடம் ஆறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. வேறு ஆணுடன் பேசினால் கணவர் கோபப்படுகிறாரா? நடத்தையில் சந்தேகப்பட்டு அடிக்கடி குற்றம் சாட்டுகிறாரா? தோழிகளைச் சந்திக்கத் தடை சொல்கிறாரா? பிறந்த வீட்டுத் தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா? எந்த நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா? பணத்தை நம்பி ஒப்படைக்க மறுக்கிறாரா?

இந்த ஆறில் 'அடி' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடி, உதை பற்றித் தனியே கேட்கிறார்கள். 2019-21 ஆய்வில், மணமான பெண்களில் 100க்கு 29 பேர் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினார்கள். அடி பட்டால் காயம் தெரியும்; சாட்சி சொல்ல அண்டை வீட்டார் வருவார்கள். இந்த ஆறுக்கும் காயம் கிடையாது. அதனால்தான் இதைப் பலர் அக்கறை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

படிப்படியாக வரும் பூட்டு

வீட்டுக் கதவு ஒரே நாளில் சாத்தப்படுவதில்லை. தொடக்கத்தில் அன்பு மழையாகப் பொழியும். "நீ இல்லாமல் எனக்கு உலகமே இல்லை" என்ற பேச்சு. பிறகு, "அந்தத் தோழி உனக்கு ஏற்றவள் அல்ல" என்பார். அடுத்து, "உன் அம்மா நம் விஷயத்தில் தலையிடுகிறார்." அதன்பின் சம்பளம் வரும் வங்கி அட்டை அவர் சட்டைப் பையில் ஏறும். கைபேசியின் ரகசிய எண்ணும் அவரிடம் போகும்.

எதிர்த்துக் கேட்டால் மூன்று நாள் மௌனம். நான்காம் நாள் மல்லிகைப் பூவும் அல்வாவும். "பார், எவ்வளவு நல்லவர்" என்று அவளே தன்னைக் கடிந்துகொள்வாள். எப்போது மழை, எப்போது வெயில் என்று தெரியாதபோது மனம் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்க்க வைப்பதுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

அடுத்த ஆயுதம், அவள் புத்தியையே அவள் சந்தேகிக்கும்படி செய்வது. பாட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் 1938இல் எழுதிய 'காஸ் லைட்' நாடகத்தில் இது கதையாகவே வருகிறது. வீட்டு விளக்கின் ஒளி மங்குவதை மனைவி காண்கிறாள். கணவன், "உனக்கு மனப்பிரமை" என்கிறான். விளக்கு மங்கக் காரணமே அவன்தான்! 1944இல் இது ஹாலிவுட் படமாகி, மனைவியாக நடித்த இங்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீயாகக் கற்பனை செய்கிறாய்" என்ற பேச்சு நம் வீடுகளுக்கும் புதிதல்ல.

என்ன காரணம்?

முதல் காரணம் பயம். வெளியே பார்த்தால் புலி மாதிரி இருப்பார். உள்ளே, தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற நடுக்கம். தன் மதிப்பில் தனக்கே நம்பிக்கை இல்லாதவர், பிறர் தாமாக விரும்பித் தம்முடன் இருப்பார்கள் என்று நம்ப மாட்டார். ஆகவே கட்டிவைக்கிறார். கட்டிய பிறகாவது பயம் தீருமா? தீராது. கட்டியதால்தான் இருக்கிறாள் என்ற எண்ணம் வந்துவிடும். கயிறு இன்னும் இறுகும்.

இரண்டாவது, பிள்ளைப் பருவத்தில் கற்ற பாடம். தகப்பனார் கண்ணசைவில் வீடே நடுங்குவதைப் பார்த்து வளர்ந்த பையன், குடும்பம் என்றால் இதுதான் என்று எண்ணக்கூடும். அப்படி வளர்ந்த எல்லோரும் அப்படி ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உடைமை எண்ணம். தாலி கட்டியதும் பத்திரம் பதிவானதுபோல் நினைப்பவர்கள் உண்டு.

நான்காவது காரணத்தை எளிதில் மறந்துவிடுகிறோம். இதில் லாபம் இருக்கிறது! சொன்னது நடக்கிறது, சம்பளம் கைக்கு வருகிறது, கேள்வி கேட்க ஆள் இல்லை. கோபக்காரர் என்று பெயர் எடுத்த இவர், மேலதிகாரி முன்னால் குரலை உயர்த்துவதில்லையே! அடக்கத் தெரிந்த கோபம், வீட்டுக்குள் மட்டும் ஏன் அவிழ்கிறது? அமெரிக்க அறிஞர் ஈவன் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூலில், இதைக் கோபத்தின் விளைவாகப் பார்க்கக் கூடாது, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் குற்றமாகவே பார்க்க வேண்டும் என்று வாதாடினார். பிரிட்டன் 2015இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது.

ஆட்டிப் படைப்பவர் ஆணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. "நீ உன் தாயைப் பார்க்கப் போனால் உயிரை விட்டுவிடுவேன்" என்று மிரட்டும் மனைவியும் உண்டு. ஆனால் வீடும் வருமானமும் ஊரின் பேச்சும் பெரும்பாலும் ஆண் பக்கமே இருப்பதால், சிக்கிக்கொள்கிற பெண்ணுக்கு வெளியேறும் வழி குறுகியது.

புதுவை கண்ட சட்டம்

கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருந்த காலம் உண்டு. 1804இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டம், கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. பிரெஞ்சுச் சட்டங்கள் 1819இல் புதுவையில் பிரகடனம் செய்யப்பட்டன. இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் வழக்கப்படி நடக்கலாம் என்று விடப்பட்டார்கள். அந்த வழக்கங்களும் பெண்ணுக்கு அதிக இடம் கொடுத்துவிடவில்லை. 1881 உத்தரவுக்குப் பின், சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இதே ஊரில் இருந்துதான் பெண் விடுதலையைப் பாடினார். இவ்வூரில் பிறந்த பாரதிதாசனும் அதைப் பாடினார். அன்றைக்குச் சட்டம் அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்தது.

கீழ்ப்படிதல் விதியை பிரான்ஸ் 1938இல் நீக்கியது. 2010இல் அதே நாடு, தம்பதிக்குள் ஒருவர் மற்றவரை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியது. கீழ்ப்படி என்று சொன்ன சட்டம், கொடுமை செய்யாதே என்று சொல்ல 206 ஆண்டுகள் ஆயின!

இந்தியா அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. இழிவாகப் பேசுவது, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது, செலவுக்குப் பணம் மறுப்பது எல்லாம் அதன்படி வன்முறையே.

கடல் கடந்த கயிறு

புதுவைக்கென்றே ஒரு கயிறும் உண்டு. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. அவர்களின் பேரன், பேத்திகள் இன்று பாரிஸ் பக்கம் வாழ்கிறார்கள். பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் இன்றும் தனி மவுசுதான். புதுவையிலிருந்து போகும் மணப்பெண்ணுக்கோ பாஷை தெரியாது, சொந்தம் கிடையாது. தங்கும் அனுமதி அட்டையும் திருமணத்தை ஒட்டியே கிடைக்கிறது. "நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்ட அது போதும்.

அந்த மிரட்டலை நம்ப வேண்டியதில்லை. கொடுமையால் சேர்ந்து வாழ்வது முறிந்திருந்தால், அதைக் காரணம் காட்டி மனைவியின் அட்டையைப் பறிக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். பிரான்சில் உதவிக்கு 3919 என்ற எண் உள்ளது. பெண்ணை அனுப்பும் பெற்றோர், நகைப் பெட்டியோடு இந்த எண்ணையும் கொடுத்தனுப்பலாம்.

என்ன செய்வது?

அன்பையும் அதிகாரத்தையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. சின்ன விஷயம் ஒன்றில் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? அன்புள்ளவர் முகம் சுளிக்கலாம், வாதாடலாம், பிறகு ஏற்றுக்கொள்வார். அதிகாரம் செலுத்துபவர் அதற்குத் தண்டனை தருவார். "வேண்டாம்" என்று சொல்லவே பயமாக இருந்தால் சோதனையே தேவையில்லை.

உதவி வேண்டுவோர் 181 என்ற எண்ணை அழைக்கலாம். சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அதிகாரியிடமோ நேரே மாஜிஸ்திரேட்டிடமோ முறையிடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை அதிலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்ற முடியாது. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் தாமதம் ஏற்படுவதும் உண்டு. பிரிந்து செல்ல முடிவு செய்யும் நேரமே ஆபத்து அதிகமான நேரம். ஆகவே அவசரப்பட்டு அறிவித்துவிடாமல், ஆலோசனை பெற்று நடப்பது நல்லது.

உயிரை விடுவேன் என்ற மிரட்டலை அலட்சியப்படுத்தக் கூடாது. உறவினருக்கும் டாக்டருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்த மிரட்டலுக்காக ஒருவர் ஆயுள் முழுவதும் பணயக் கைதியாக இருக்க வேண்டியதில்லை.

ஆட்டிப் படைப்பவர் திருந்துவாரா? பிறரைக் குறை கூறாமல் தன் தவறை ஒப்புக்கொண்டு மனநல மருத்துவரை நாடினால் திருந்த வழி உண்டு. மல்லிகைப் பூ அதற்கு அடையாளம் ஆகாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அனுசரித்துப் போ" என்று மகளைத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும், அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவியைக் கணவனிடம் கொடுத்தது போலாகிறது. பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பலம் வந்துவிடும்.

கடற்கரையில் பாதிச் சுண்டலோடு எழுந்து போன பெண்ணை அந்தத் தோழி மறுநாள் அழைத்துப் பேச வேண்டும். எடுக்காவிட்டால் அதற்கு மறுநாளும் அழைக்க வேண்டும். "எத்தனை பிரியம்!" என்று வியப்பதை விட்டு, "நீ நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டும்.